பஸ்ஸின் இடப்பக்கம்

பெல்மதுளைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து இரத்தினபுரிக்குப் பல்லாண்டுகளாகப் பஸ் வண்டியிற் சென்று வருபவர் நாம். வீதியில் வாகனங்கள் தேங்கி நிற்கும் வேளைகளில், அவற்றின் இடுக்குகளிலே நுழைந்து பறக்கும் மோட்டார் சைக்கிள் இளைஞரை ஜன்னலோரத்திலிருந்தபடியே பலமுறை ஏசியிருக்கிறோம். இந்நாட்டிற் பதிவாகிய வாகனங்களிற் பாதிக்கு மேற்பட்டவை மோட்டார் சைக்கிள்களே. ஆகவே எமது ஏச்சுக்கு என்றும் ஆள் குறைந்ததில்லை.

2025 மார்ச் மாதத்தில் ஒருநாட் காலை. சாதாரண தரப் பரீட்சைக்காக இரத்தினபுரிக்குப் புறப்பட்டுப் போன எம் மகள், அனுமதி அட்டையை அலுமாரியின் மேல் மறந்து வைத்துவிட்டாள். பரீட்சை எட்டரை மணிக்கு. செய்வதறியாது லயத்து வாசலில் நின்ற எம்மைக் கண்டு, அடுத்த வீட்டுத் தம்பி தன் மோட்டார் சைக்கிளைக் கொணர்ந்து, "ஏறுங்க மாமா" என்றான்.

டிசம்பர்ப் பௌர்ணமி முதல் வெசாக் பௌர்ணமி வரை நீளும் சிவனொளிபாத யாத்திரைக் காலமாதலின், நகரை அண்மிக்கையில் வீதி நிறைந்து கிடந்தது. தம்பி தயங்கவில்லை. லொறிக்கும் காருக்கும் நடுவே இரண்டு முழ இடைவெளி. கைபிடியின் அகலமோ இரண்டரை அடி. உண்மையைச் சொன்னாலென்ன? எமக்கு அச்சத்தினும் மகிழ்ச்சியே மிகுந்திருந்தது. கலிபோர்னியாவில் 2017ஆம் ஆண்டு முதல் இவ்வாறு செல்வதைச் சட்டமே ஏற்றுக்கொண்டதென்று எப்போதோ வாசித்தது, அவ்வேளை பார்த்து நினைவுக்கு வந்து சமாதானங் கூறிற்று!

அப்பால் ஒரு பஸ் நின்றது. அதனை இடப்பக்கமாகக் கடக்க விரைந்தான். சாரதி இருப்பது வலப்பக்கம். பயணிகள் இறங்கும் வாசலோ இடப்பக்கம். மணிக்கு 30 கிலோமீற்றர் வேகமென்றால் ஒரு விநாடியில் 8 மீற்றர் கடந்துவிடும். அந்த ஒரு விநாடியிலேதான், கையிற் பையுடன் மூதாட்டி ஒருவர் கீழ்ப்படியிலிருந்து காலை வெளியே வைத்தார்.

பிறேக் அலறிற்று. முன்சக்கரம் அவரது சேலைக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது. அவர் ஏசவில்லை, எம்மை ஒருமுறை பார்த்துவிட்டுப் பையை மார்போடணைத்துக்கொண்டு நடந்தார். ஏசியிருந்தால் எமக்குச் சற்று ஆறுதலாயிருக்கும்.

எட்டு இருபதுக்கு அட்டை மகளின் கையிற் சேர்ந்தது. அழுது கண் சிவந்திருந்தவள், ஒன்றும் பேசாமல் உள்ளே ஓடினாள்.

மாலையில் அவளோடு பஸ்ஸிலேயே திரும்பினோம். எமது தரிப்பிடம் வந்ததும், அவளைப் பின்னே நிறுத்திவிட்டு, படியில் நின்று தலையை நீட்டிப் பின்புறம் பார்த்தோம். "பஹின்ன, பஹின்ன" என்று அவசரப்படுத்தினார் நடத்துநர்.