பஞ்சும் பல்லியும் படுத்தும் பாடு

ராஜபாளையத்தில் ஒரு கம்ப்யூட்டர் கேபினெட்டைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது பஞ்சு. பிராசஸரின் மேல் இருக்கும் அலுமினியத் தகடுகளின் இடுக்கெல்லாம் வெள்ளையாக அடைந்து கிடக்கும். மேலே ஃபேன் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். காற்று மட்டும் கீழே இறங்காது. 1936-ல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கினார். அதன் பின் நூற்பாலைகள் வரிசையாக வந்தன. பக்கத்துச் சத்திரப்பட்டியில் மருத்துவமனைகளுக்கான பேண்டேஜ் துணி நெய்யும் விசைத்தறிகள் ஓடுகின்றன. இந்த வட்டாரத்துக்குச் சோறு போடும் பஞ்சு, கணக்கு எழுதும் கணினிக்குள்ளும் போய் உட்கார்ந்துவிடுகிறது.

பழைய பேருந்து நிலையப் பக்கம் ஒரு சந்தில் கடை வைத்திருக்கும் மெக்கானிக்குக்கு நாற்பதைத் தாண்டிய வயது. நான் போயிருந்த நேரத்தில் தறிக்கூடம் ஒன்றிலிருந்து ஒரு கணினி வந்து இறங்கியது. பத்து நிமிஷம் ஓடுகிறது, பிறகு தானாக அணைந்துவிடுகிறது என்பது புகார். வேறு ஒரு கடையில் மதர்போர்டு போய்விட்டது என்று சொல்லி விலையும் சொல்லியிருக்கிறார்கள். இவர் ஸ்க்ரூடிரைவரைத் தொடும் முன் கேள்வி கேட்டார்.

"அண்ணாச்சி, மெஷின் எந்த ரூம்ல இருக்கு? தறி ஓடுற சத்தம் அங்க கேக்குமா? கீழ தரையிலயா, மேசை மேலயா?"

தரையில், தறிக்கூடத்தின் சன்னலை ஒட்டி என்று பதில் வந்ததும் பாதி வேலை முடிந்துவிட்டது. சூடு எல்லை மீறினால் பிராசஸர் எரிந்துபோகாமல் தன்னையே அணைத்துக்கொள்ளும்படித்தான் அதை வடிவமைத்திருக்கிறார்கள். அணைந்துபோவது பழுதல்ல, பாதுகாப்பு. அவர் ஃபேனைத் தனியே கழற்றினார். தகடுகளுக்கு இடையிலிருந்து பஞ்சு அடையைப் பட்டையாக உரித்தெடுத்தார். மிச்சத்தைப் புளோயரால் ஊதினார். ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்கிறார். காற்றின் வேகத்தில் தாறுமாறாகச் சுற்றினால் அதன் பேரிங் கெட்டுவிடும். காய்ந்து சுண்ணாம்பாகிக் கிடந்த பழைய தெர்மல் பேஸ்ட்டை ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்துவிட்டுப் பயறளவு புதுப் பேஸ்ட் வைத்தார். மதர்போர்டுக்கு எதுவுமே ஆகவில்லை.

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் என்ற இரண்டு ஊர்க் கடைகளிலும் உட்கார்ந்து பார்த்ததில் எனக்கு ஒன்று உறுதியாகப் புரிந்தது. பழுது பெரும்பாலும் பொருளுக்குள்ளிருந்து வருவதில்லை. அந்தப் பொருள் குடியிருக்கும் இடத்திலிருந்து வருகிறது. அதனால்தான் உள்ளூர் மெக்கானிக்கின் அறிவுக்கு ஈடாக வேறொன்று இல்லை. பெட்டியில் அடைத்துத் தொலைதூர சர்வீஸ் சென்டருக்கு அனுப்பினால் கணினி போகும். சன்னலும் தறியும் கூடப் போகாது.

கேபினெட்டைத் தொட்டால் சுரீர் என்கிறது என்று வாரத்துக்கு ஒருவராவது வருகிறாராம். இதற்கும் காரணம் வீட்டுச் சுவரில்தான். கணினிக்குள் இருக்கும் எஸ்.எம்.பி.எஸ். என்ற பவர் சப்ளையில், கரண்ட் நுழையும் இடத்தில், இரைச்சலை வடிகட்ட இரண்டு சின்னக் கண்டன்சர்கள் உண்டு. ஒன்று பேஸிலிருந்தும் மற்றொன்று நியூட்ரலிலிருந்தும் தகட்டுக்குப் போகும். எர்த் ஒயர் சரியாக இருந்தால் அந்தக் கசிவு மண்ணுக்குள் இறங்கிவிடும். எர்த் இல்லாவிட்டால் 230 வோல்ட்டில் ஏறக்குறையப் பாதி, தகட்டின் மேல் வந்து நிற்கும். கரண்ட் மிகக் குறைவு என்பதால் ஆளைச் சாய்க்காது; ஆனால் இணைத்திருக்கும் பிரிண்டரையோ மானிட்டரையோ பதம் பார்க்கலாம். மூன்று முனைப் பிளக்கில் எர்த் முனையை ஒடித்துவிட்டுச் செருகுகிறவர்களை அவர் கடுமையாகவே கண்டிக்கிறார். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் அடித்துவிட்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிடுகிறார், காசு வாங்காமல்.

பல்லி தனிக் கதை. இரவில் வெதுவெதுப்பாக இருக்கும் இடம் தேடி எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குள்ளும் இன்வெர்ட்டருக்குள்ளும் அது நுழைந்துவிடும். உயர் அழுத்தம் ஓடும் இரண்டு புள்ளிகளை அதன் உடல் இணைத்ததும், பல்லியும் போய்விடும், ஃபியூஸும் போய்விடும், சமயத்தில் டிரான்சிஸ்டரும் போய்விடும். கணினியின் பின்பக்கம், கார்டு செருகும் இடத்தை மூடும் தகரப் பட்டைகள் விழுந்துபோயிருந்தால் அதுதான் பல்லியின் வாசல். பழைய கேபினெட்டுகளிலிருந்து அந்தப் பட்டைகளைச் சேர்த்து வைத்திருக்கிறார். ஒரு ஸ்க்ரூவில் முடிகிற வேலை.

வீட்டிலேயே செய்துகொள்ளக்கூடியவற்றை அவர் மறைப்பதில்லை. ஃபேன் சுற்றுகிறது, திரையில் ஒன்றும் வரவில்லை என்றால் கரண்டைப் பிடுங்கிவிட்டு ராமைக் கழற்றி, அதன் பொன்முலாம் பூசிய பற்களைப் பென்சில் அழிக்கும் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளைத் துடைத்து, கிளிக் என்று அமரும்வரை அழுத்திச் செருக வேண்டும். இணையம் இருக்கிறது, ஆனால் எந்தப் பக்கமும் திறக்காமல் பாதுகாப்பு எச்சரிக்கை வருகிறது என்றால் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். மதர்போர்டில் இருக்கும் சி.ஆர். 2032 என்ற 3 வோல்ட் வட்ட பேட்டரி தீர்ந்துபோனால் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். இணையதளத்தின் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை என்று கணினி கணக்குப் போடும். சில பத்து ரூபாயில் தீர்கிற இந்தக் குறைக்கு விண்டோஸை அழித்து மறுபடி ஏற்றிய கதைகள் நிறைய.

மலையடிவாரம் என்பதால் ஐப்பசி, கார்த்திகையில் இடி மின்னல் இங்கே பொல்லாதது. பிளக்கைப் பிடுங்கியவர்களும் போன் ஒயரைப் பிடுங்க மறந்துவிடுகிறார்கள். செம்புக் கம்பி வழியாக மோடத்துக்கும், மோடத்திலிருந்து கணினிக்கும் மின்னல் வந்துவிடுகிறது. ஃபைபர் வந்த வீடுகளில் இந்தத் தொல்லை குறைந்திருக்கிறது; கண்ணாடி இழையில் மின்சாரம் ஓடாது.

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். அங்கே ரத வீதிப் பக்கம் ரேடியோ பார்க்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். எழுபதைத் தாண்டியவர். சிறுவயதில் மதுரையில் ஒரு ரேடியோ கடையில் எடுபிடியாகச் சேர்ந்து தொழில் கற்றவர். ரேடியோ வைத்திருக்க அஞ்சலகத்தில் லைசென்ஸ் புத்தகம் வாங்கி வருடாவருடம் பணம் கட்டிய காலம் அவருடையது. திருநெல்வேலி வானொலியும் இலங்கை வானொலியும் தெளிவாக எடுக்கிற செட் வைத்திருந்த வீட்டுக்கு அன்று தனி மதிப்பு.

கடையின் சுவரில் மரப்பலகை ஒன்று. அதில் ஒரு பல்பு ஹோல்டர், ஒரு பிளக் பாயிண்ட். சீரீஸ் போர்டு என்று இதற்குப் பெயர். தெற்கத்திப் பழுதுபார்ப்புக் கடைகளில் இதைவிட மலிவான, இதைவிட உயர்ந்த கருவியை நான் பார்த்ததில்லை. கரண்ட், பல்பைத் தாண்டித்தான் செட்டுக்குள் போகும். உள்ளே எங்காவது ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், செட்டுக்கு ஆபத்தில்லை. ஒரு கணம் பளிச்சிட்டு மங்கினால் நல்ல அறிகுறி. பரணில் பல வருஷம் கிடந்த வால்வு ரேடியோவை நேரே சுவர் பிளக்கில் செருகிப் பார்ப்பதுதான் அதைக் கொல்லும் நிச்சயமான வழி என்கிறார் பெரியவர். உள்ளே இருக்கும் மெயின் கண்டன்சர் அதற்குள் காய்ந்திருக்கும். அது வெடித்தால் டிரான்ஸ்ஃபார்மரையும் கூட்டிக்கொண்டு போகும். அந்த டிரான்ஸ்ஃபார்மர் இன்று கடையில் கிடைக்காது.

அவர் மேசையில் ஒரு மர்ஃபி வால்வு ரேடியோ இருந்தது. போட்டதும் ஹம் என்று ஒரே முழக்கம், பாட்டு அடியில் மெலிதாகக் கேட்டது. மெயின் கண்டன்சர் என்று பார்க்காமலே சொன்னார். சரியாகத்தான் இருந்தது. ஆனால் அவர் அதோடு நிறுத்தவில்லை. அவுட்புட் வால்வுக்கு முன்னால் இருக்கும் காகிதக் கண்டன்சரையும் மாற்றினார். அது லேசாகக் கசிந்தால்கூட வால்வின் கிரிட்டில் பாசிட்டிவ் வோல்ட்டேஜ் ஏறி, வால்வு தேவைக்கு மேல் கரண்ட் இழுத்துச் சூடாகிச் சாகும். கேட்கிறவருக்கு எந்தக் குறையும் தெரியாது, வால்வு போகும்வரை. வேலை செய்யும்போது இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்கிறார். செட்டுக்குள் 250 வோல்ட்டுக்கு மேல் டி.சி. நிற்கும், இரண்டு கையும் உள்ளே இருந்தால் ஷாக் நெஞ்சு வழியாகப் போகும். செட்டை அணைத்த பிறகும் கண்டன்சரில் மிச்சமிருக்கும் கரண்டை ஒரு ரெசிஸ்டன்ஸ் வைத்து வடித்துவிட்டுத்தான் தொடுகிறார்.

எந்தக் கட்டத்தில் ஒலி நின்றுபோயிருக்கிறது என்று கண்டுபிடிக்க அவருக்கு மீட்டர்கூட வேண்டாம். ஸ்பீக்கரிலிருந்து பின்னோக்கி வருகிறார். வால்யூம் கண்ட்ரோலின் நடுக்காலை ஸ்க்ரூடிரைவர் நுனியால் தொடுகிறார். உர்ர் என்று சத்தம் வந்தால் அதற்குப் பிறகுள்ளதெல்லாம் நலம். குறை முன்னால் இருக்கிறது.

1960களின் டிரான்சிஸ்டர் ரேடியோக்களில் ஏ.எஃப். 117 என்றொரு டிரான்சிஸ்டர் வரும். நான்கு கால். அதன் தகர உறைக்குள் கண்ணுக்குத் தெரியாத வெள்ளீய மீசைகள் வருடக்கணக்கில் வளர்ந்து உள்ளே இருக்கும் காலைத் தொட்டு ஷார்ட் ஆக்கிவிடும். உலோகம் தானாக முளைவிடும் இந்த விந்தையை விண்வெளித் துறைப் பொறியாளர்களும் தலைவலியாக எடுத்து ஆராய்ந்திருக்கிறார்கள். பெரியவரின் வைத்தியம், உறையோடு இணைந்த நான்காவது காலை வெட்டிவிடுவது. செட் பாடத் தொடங்கிவிடுகிறது.

கண்டன்சர்தான் இந்த இரண்டு ஊர் மேசைகளையும் இணைக்கிற பொருள். ராஜபாளையத்துக் கடையில் 2000களின் தொடக்கத்து மதர்போர்டுகள் சில கிடந்தன. தலை உப்பிய, பழுப்பாகக் கசிந்த கண்டன்சர்களோடு. குறைபாடுள்ள மின்பகு திரவத்தால் அந்த ஆண்டுகளில் உலகம் முழுக்கக் கணினிகள் செத்தன; ‘கண்டன்சர் கொள்ளைநோய்’ என்றே அதைச் சொன்னார்கள். சூடு 10 டிகிரி ஏறினால் எலெக்ட்ரோலிட்டிக் கண்டன்சரின் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது பொதுவான கணக்கு. தகரக் கூரைக்கடியில் வைத்த டி.வி.யும் இன்வெர்ட்டரும் ஏன் சீக்கிரம் போகின்றன என்பதற்கு விடை அதில் இருக்கிறது. மாற்றும்போது 85 டிகிரி என்று அச்சிட்டதை விட்டு 105 டிகிரி போட வேண்டும். வோல்ட்டேஜ் அதே அளவு அல்லது கூடுதல். பாசிட்டிவ், நெகட்டிவ் மாறவே கூடாது.

ஆடிப்பூரம் நெருங்கினால் பெரியவர் கடைக்கு மைக் செட்காரர்கள் வந்துவிடுவார்கள். ஆண்டாள் தேர் ஓடும் நாளில் ஊரெங்கும் கட்டுகிற ஆம்ப்ளிஃபயர்கள் அதற்கு முன் இங்கே ஒரு சுற்று வந்து போகின்றன. பெரும்பாலும் 2என்3055 என்ற பவர் டிரான்சிஸ்டர் போயிருக்கும். சந்தையில் அதற்குப் போலிகள் ஏராளம். பெரியவர் ஒன்றை ரம்பத்தால் அறுத்துக் காட்டினார். மேலே தடித்த உலோக மூடி, உள்ளே கடுகத்தனை சிலிக்கான். உண்மையானதில் அது பல மடங்கு பெரிதாக இருக்கும். அச்சடித்த பெயர் இரண்டிலும் ஒன்றே. பழைய ஆம்ப்ளிஃபயர்களிலிருந்து பத்திரமாகக் கழற்றிய அசல் டிரான்சிஸ்டர்களை ஒரு பால்கோவா டப்பாவில் போட்டு வைத்திருக்கிறார்.

பால்கோவா கடைகளின் எலெக்ட்ரானிக் தராசுகளை மட்டும் அவர் தொடுவதில்லை. நெய்ப்பிசுக்கு பட்டன்களுக்குள் இறங்கிப் பழுதாகி வருகிறவை அவை. 2009-ம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டப்படி தராசைப் பழுதுபார்க்க உரிமம் வேண்டும். பார்த்த பின் அரசு முத்திரையும் வேண்டும். அந்தக் கறார் எனக்குப் பிடித்திருந்தது.

ஊருக்கு வெளியே கிருஷ்ணன்கோவில் கல்லூரி மாணவர்களை நம்பி லேப்டாப் பார்க்கும் இளைஞர்கள் கடை போட்டிருக்கிறார்கள். 2011-ல் தமிழக அரசு கொடுக்கத் தொடங்கிய இலவச மடிக்கணினிகள் இன்னும் அவர்கள் மேசைக்கு வருகின்றன. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி எஸ்.எஸ்.டி. போட்டு, ராமைக் கூட்டி, எடை குறைந்த லினக்ஸ் ஒன்றை ஏற்றினால் தம்பி தங்கைக்குப் படிக்க ஆகிறது. 2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் வழக்கமான ஆதரவை நிறுத்தியதிலிருந்து இந்த வேலை கூடியிருக்கிறதாம். வேலை தொடங்கும் முன் பழைய டிஸ்க்கில் உள்ளதையெல்லாம் நகலெடுத்துவிடுகிறார்கள். கல்யாணப் படம் போனால் எந்த மெக்கானிக்கும் திருப்பித் தர முடியாது.

அவர்களுடைய பெரிய குறை வேறு. பழைய வால்வு செட்டுகள் பலவற்றில் சர்க்யூட் படத்தைப் பின்மூடியின் உட்புறமே ஒட்டி விற்றார்கள். இன்று ஒரு லேப்டாப் போர்டின் படம் வேண்டுமென்றால் டெலிகிராம் குழுக்களில் தேடி, முன்பின் தெரியாத ஒருவருக்குப் பணம் அனுப்பி வாங்க வேண்டியிருக்கிறது. அது சரியான படம்தானா என்பதற்கும் உத்தரவாதமில்லை. பழுதுபார்க்கும் உரிமைக்காக 2022-ல் ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை குழு அமைத்தது, இணையதளமும் தொடங்கியது. கம்பெனிகள் அதில் கையேடு தருகின்றன. வாடிக்கையாளர் படிக்கிற கையேடு. போர்டில் எந்தப் புள்ளியில் எத்தனை வோல்ட் நிற்க வேண்டும் என்று சொல்லும் படத்தை அந்த இளைஞர்களில் ஒருவர் கேட்கிறார். காசு கொடுத்து வாங்கவும் தயார் என்கிறார். அதைக் கொடுக்கச் சட்டம் கட்டாயப்படுத்த வேண்டும் என்று நானும் நினைக்கிறேன். இப்போதைக்கு, சரியாக ஓடும் போர்டு எது கைக்கு வந்தாலும் ஒவ்வொரு புள்ளியாக அளந்து, நோட்டில் படம் போட்டுக் குறித்துக்கொள்கிறார். ராஜபாளையத்துக்காரருக்கு அதை வாட்ஸாப்பில் அனுப்பவும் செய்கிறார்.