மூன்று அங்குல வெள்ளை

கோவை அவிநாசி சாலையிலிருந்து உள்ளே பிரியும் ஒரு சந்து. அதன் கடைசியில் இருக்கும் தகரக் கொட்டகையில், 1947ஆம் வருடத்து செவர்லே ஃப்ளீட்மாஸ்டர் ஒன்று இரும்பு ஸ்டாண்டுகள் மேல் நின்றுகொண்டிருந்தது. கழற்றிய சக்கரங்களைச் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தார்கள். மூன்றில் ஜீப் டயர். நான்காவதில் டிராக்டரின் முன்டயர். இதில் சிரிக்க ஒன்றுமில்லை. அந்தக் காருக்கு வேண்டிய டயர் அளவு 6.00-16. ஜீப்புக்கும் அதே அளவுதான், பல டிராக்டர்களின் முன்சக்கரத்துக்கும் அதே அளவுதான். அமெரிக்கக் கார் டயர்கள் வருவது நின்றுபோன பிறகு, கைக்குக் கிடைத்ததை மாட்டித்தான் நம் ஊரில் இந்த வண்டிகளைக் காப்பாற்றி வைத்தார்கள்.

“பழசக் கழட்டி வீசறது சுலபமுங்க சார். புதுசா எதப் போடறதுன்னு முடிவு பண்றதுதான் வேலையே” என்றார் டயர் வேலை பார்க்கும் பெரியவர். கொட்டகையில் எல்லாருக்கும் அவர் ‘டயரண்ணன்’. டிங்கரிங்குக்கும் பெயிண்டிங்குக்கும் உள்ளே தனித்தனி மூலைகள். இவருடைய இடம் வாசலோரம், காம்ப்ரசர் பக்கத்தில்.

நான் போனது வெள்ளைப் பட்டை டயர் மாட்டுவதைப் பார்க்க. பழைய கார் என்றாலே பளீரென்ற அகல வெள்ளைதான் நம் கண்ணுக்குள் வருகிறது. சினிமாக்காரர்களும் கல்யாணத்துக்கு வண்டி வாடகைக்கு விடுபவர்களும் அப்படிப் பழக்கிவிட்டார்கள். அந்த வெள்ளை அலங்காரமாகத் தொடங்கியதே அல்ல. துத்தநாக ஆக்ஸைடு கலந்த தொடக்ககால டயர்கள் வெளிறிய நிறத்தில்தான் இருந்தன. கார்பன் பிளாக் சேர்த்தால் ரப்பர் சீக்கிரம் தேயாது என்று தெரிந்ததும், தரையில் படும் பகுதிக்கு மட்டும் அதைச் சேர்த்தார்கள். பக்கம் வெள்ளையாகவே நின்றது. பிறகு முழு டயரும் கறுப்பானது. கறுப்பு பழகிப்போன பின்னால், வெள்ளை ஆடம்பரமாகத் திரும்பி வந்தது. 1934இல் ஃபோர்டு கம்பெனி புதுக் காருக்கு வெள்ளைப் பட்டை வேண்டுமென்றால் 11.25 டாலர் தனியாக வாங்கியது.

அதற்குப் பிறகு அந்தப் பட்டையின் அகலமே காரின் வயதைச் சொல்ல ஆரம்பித்தது. நாற்பதுகளில் மூன்று அங்குலமும் அதற்கு மேலும். ஐம்பதுகளின் நடுவில் இரண்டரை, இரண்டே முக்கால். 1957இல் காடிலாக் எல்டொராடோ ப்ரோம் ஒரு அங்குலப் பட்டையோடு வந்தது. 1962 மாடல்களில் மற்ற அமெரிக்கக் கார்களும் அந்த ஒல்லிப் பட்டைக்கு மாறின. ஆக, 1964 மாடல் இம்பாலாவுக்கு மூன்று அங்குல வெள்ளை போட்டால் விவரம் தெரிந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள்.

1947இன் கதையில் ஒரு சிக்கல் இருக்கிறது. இரண்டாம் உலகப்போரில் மலேயா ரப்பர் ஜப்பான் கைக்குப் போனதும் அமெரிக்காவில் வெள்ளைப் பட்டை நின்றுபோனது. போர் முடிந்தும் உடனே திரும்பவில்லை. 1946இல் சில கம்பெனிகள் சக்கரத்தின் ரிம்மைச் சுற்றி வெள்ளை வளையம் மாட்டி ஆசையைத் தீர்த்துக்கொண்டன. அப்படியானால் இந்தக் காருக்கு எது சரி?

உரிமையாளர் ஒரு குடும்பப் படம் கொண்டுவந்திருந்தார். தாத்தா காரோடு வீட்டு வாசலில் நிற்கிறார். டயரண்ணன் தாத்தாவைப் பார்க்கவில்லை. பூதக்கண்ணாடியை நேரே முன்சக்கரத்தின் மேல் வைத்தார். டயர் கறுப்பு, அதன் மேல் சேறு. “ஒரிஜினல் கறுப்புதானுங்க. ஆனா கேட்டிருந்தா கம்பெனி ரெண்டு வருசத்துல வெள்ள குடுத்திருக்கும். அதனால வெள்ளயும் தப்பில்லீங்க.” உரிமையாளருக்கு அந்தப் பதில் போதுமானதாக இருந்தது. எனக்குப் போதவில்லை. அந்தக் கார் எதைப் போட்டுக்கொண்டு ஓடியதோ அதைத்தான் போடவேண்டும் என்பது என் கட்சி. காசு போடுபவர் அவர், வெள்ளைதான் முடிவானது.

டயர் அமெரிக்காவிலிருந்து வந்தது. அங்கே டென்னசியில் இருக்கும் கோக்கர் போன்ற கம்பெனிகள் பழைய அளவுகளில், பழைய பெயர்களோடு இன்றும் டயர் போடுகின்றன. நல்லவேளையாக உரிமையாளர் முன்கூட்டியே வாங்கிவிட்டார். 2020 ஜூனில் மத்திய அரசு புதிய கார் டயர் இறக்குமதியைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்த பிறகு, லைசென்ஸ் இல்லாமல் ஒரு செட் வரவழைக்க முடியாமல் போனது.

பிரித்தபோது வெள்ளையே தெரியவில்லை. பட்டை முழுக்க நீலப் பூச்சு. வழியில் அழுக்கும் கறுப்பு ரப்பரின் கறையும் ஏறாமல் இருக்கத் தொழிற்சாலையிலேயே பூசி அனுப்புகிறார்கள். டயரண்ணன் அதைத் தொடவில்லை. மாட்டி முடிக்கும்வரை அதுதான் காவல் என்றார். ரிம்மைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துத் துருவெடுத்துப் பெயிண்ட் அடித்து ஏற்கெனவே காயவைத்திருந்தார்கள். உள்ளே ஃபிளாப் என்னும் ரப்பர் பட்டையைச் சுற்றினார். ட்யூபில் கொஞ்சம் காற்றேற்றி, முகத்துக்குப் போடும் பவுடரைத் தடவி டயருக்குள் நுழைத்தார். விளிம்பில் சோப்புத் தண்ணீர். லீவர் இரண்டுக்கும் நுனியில் பழைய சைக்கிள் ட்யூப் சுற்றியிருந்தது. வெறும் இரும்பு பட்டால் வெள்ளையில் வடு விழும், அது போகவே போகாது. மிஷினும் கிடையாது, சுத்தியல் அடியும் கிடையாது. முழங்காலால் ஒரு பக்கத்தை அமுக்கிக்கொண்டு, கைப்பிடி அளவாகக் கொஞ்சம் கொஞ்சமாக நெம்பி ஏற்றினார். காற்றடித்ததும் விளிம்பு ‘டப்’பென்று உட்கார்ந்தது. உடனே வால்வு ஊசியைக் கழற்றி அத்தனை காற்றையும் வெளியேற்றிவிட்டு மறுபடி நிரப்பினார். “ட்யூபு உள்ள மடிஞ்சிருந்தா இப்பத்தானுங்க நேராகும். இல்லீன்னா பத்தாவது நாளே பஞ்சரு.”

பிறகுதான் பக்கத்தில் நின்ற பையனிடம் “தம்பி, தண்ணியடிச்சு வெளக்குடா” என்றார். நைலான் பிரஷ், சாதா சோப்பு. நீலம் கரைந்து ஓடியது.

இதற்குள் ஒருவர் அம்பாசடரோடு வந்து நின்றார். 5.90-15 அளவு கறுப்பு டயர்கள். கல்யாண சீசனுக்கு வெள்ளையடித்துத் தர முடியுமா என்று கேட்டார். டயரண்ணன் பதில் சொல்லாமல் மூலையிலிருந்து ஒரு டயரை உருட்டிக்கொண்டு வந்தார். யாரோ சைடு வாலை கிரைண்டரால் இழைத்துப் பெயிண்ட் பூசியிருந்தார்கள். இழைத்த இடத்தில் நூல் தெரிந்தது. பக்கத்தில் ஆப்பம் போல ஒரு வீக்கம். பெயிண்ட் பழுப்பேறியிருந்தது, கறுப்பு ரப்பரில் இருக்கும் எண்ணெயும் மருந்தும் கசிந்து வெளியே வரத்தான் செய்யும். நிஜ வெள்ளை டயரில் வெள்ளை ரப்பர் தனி அடுக்காக உள்ளேயே வார்த்து வருகிறது, கறை ஏறாமல் தடுக்க நடுவில் இன்னொரு அடுக்கும் உண்டு. பூச்சில் அது எங்கே வரும்? ரிம்முக்கும் டயருக்கும் நடுவில் செருகும் வெள்ளை ரப்பர் வளையமும் கடையில் கிடைக்கிறது. அதற்குள் மணல் புகுந்து டயரை அரித்துவிடும் என்று அதையும் மறுத்துவிட்டார். வந்தவர் முகம் சுளித்துக்கொண்டு போனார். நம் சாலைகளில் ஓடிய அம்பாசடர்களில் பெரும்பாலானவை கறுப்பு டயரில்தான் ஓடின. வந்தவருக்கு நஷ்டம் ஒன்றுமில்லை.

செவர்லேவுக்கு ரேடியல் டயர் போட்டால் ஓட்ட சுகமாக இருக்குமே என்று டயரண்ணனிடம் கேட்டேன். இருக்கும், ஆனால் பழைய ரிம் ரேடியலின் நெளிவுக்குச் செய்ததல்ல, வீல் கேப் கழன்று ஓடும் என்றார். வெள்ளை டயர் வாங்குகிறவர்கள் பார்க்க வேண்டிய முதல் விஷயம் வெள்ளை அல்ல என்றும் சொன்னார். பக்கத்தில் பொறித்திருக்கும் நான்கு இலக்கம். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். கண்ணுக்குப் புதிதாகத் தெரிந்தாலும் வயதான டயரை வாங்கக் கூடாது.

அவரிடம் ஒரு பழைய பிஸ்கட் டப்பா இருக்கிறது. அதில் கோவை, பொள்ளாச்சி, உடுமலைப் பக்கத்து வீடுகளிலிருந்து வந்த கார்ப் படங்களின் நகல்கள். இந்தத் தொழிலுக்கு அதைவிட நல்ல ஆதாரம் கிடையாது. உங்கள் வீட்டு ஆல்பத்தில் 1960க்கு முந்தைய கார் நிற்கும் படம் இருந்தால் ஸ்கேன் செய்து, பழைய கார் வேலை செய்யும் பட்டறை எதற்காவது கொடுங்கள். ஆட்களின் முகம் மட்டும் தெரியும்படி வெட்டிவிடாதீர்கள், சக்கரம் தெரியவேண்டும்.