கரி தரும் தெளிவு

(மூன்றாம் ஆண்டு, வேதியியல்)

கரியைப் பாலில் கழுவினாலும் வெளுக்காது என்பார்கள். உண்மைதான். ஆனால் தான் வெளுக்காத அந்தக் கரி, தன்னைத் தொட்டுச் செல்லும் நீரை வெளுக்கச் செய்கிறதே! அதையும் பழமொழியில் சேர்த்திருக்கலாம் அல்லவா?

கரியோடு வாழ்கிறவர்கள் நாம். அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கங்களில் சீமைக்கருவேலத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுக்கிறார்கள். சிவகாசிக்கோ கரி இன்றேல் வாணவேடிக்கை இல்லை. வெடியுப்பு 75 பங்கு, கரி 15 பங்கு, கந்தகம் 10 பங்கு. இதுவே கரிமருந்தின் பழைய கணக்கு. முற்காலத்தில் அதற்கென்றே துவரை மாரைச் சுட்டு இலேசான கரி எடுத்தார்கள்.

என் தந்தையார் ஓர் ஆலையில் பத்தொன்பது ஆண்டுகள் மருந்து கலந்தவர். முகத்தில் கட்டிய துண்டு ஒன்றே அவருக்குக் காப்பு. மூச்சிரைப்பு மிகுந்ததும், தூசியும் புகையும் இனி ஆகாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். வேலை போயிற்று. உழைத்துப் பழகிய மனிதர் வீட்டுத் திண்ணையில் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எங்களுக்கே பொறுக்கவில்லை. ஒருநாள் அவரே கொல்லையில் ஒரு சிமெண்டு உறையை இறக்கி, அடியைப் பூசி, மீன் வளர்க்கப் போவதாகச் சொன்னார்.

நாற்பது குடம் தண்ணீர்

நான்கடி விட்டம், ஒன்றே முக்கால் அடி ஆழத்திற்கு நீர். சுமார் 600 லிட்டர், அதாவது நாற்பது குடம். குழாயில் தண்ணீர் பல நாட்களுக்கு ஒருமுறை எட்டிப் பார்க்கும் ஊரில் இது சிறிய செய்தியா?

“குடிக்கிறதுக்கே தண்ணி இல்ல. மீனுக்கு நாப்பது கொடமா?” என்றார் அம்மா.

“ஒரு தடவ ஊத்துனாப் போதும். தண்ணியக் கெடாம வச்சுக்கிறது என் பொறுப்பு” என்றார் அப்பா.

அந்தப் பொறுப்பில் எனக்கும் பங்கு கிடைத்தது. ஒரு பிளாஸ்டிக் வாளியில் மேலே பஞ்சு, நடுவே கருங்கல் சல்லி, அடியில் வலைப்பையில் கரி. சிறு மோட்டார் நீரை மேலே ஏற்றும். அது வடிந்து மீண்டும் தொட்டியில் விழும். மணலும் கரியும் இட்ட பானைகளில் நீர் வடித்த நம் பாட்டிமாரின் முறைதான் இது. ஆறு தங்கமீன்களும் சில கப்பி மீன்களும் குடியேறின. கப்பி கொசுப்புழுவைத் தின்னும் என்று அறிந்ததும் அம்மாவின் கோபம் சற்றே தணிந்தது.

நான்கு கிராமில் ஓர் ஏக்கர்

அடுப்புக் கரி வேறு, இந்தக் கரி வேறு. தேங்காய்ச் சிரட்டையைச் சுட்டெடுத்த கரியை மீண்டும் 900 டிகிரி அளவு வெப்பத்தில் நீராவியில் வாட்டுகிறார்கள். அப்போது அதனுள் கண்ணுக்குப் புலப்படாத நுண்துளைகள் கோடிக்கணக்கில் திறக்கின்றன. இதுவே கிளர்வூட்டப்பட்ட கரி. கடைக்காரர் மொழியில் ‘ஆக்டிவேட்டட் கார்பன்’. இதில் ஒரு கிராமின் உட்பரப்பு சுமார் 1,000 சதுர மீட்டர். நான்கு கிராமை உள்ளங்கையில் ஏந்தினால் ஏறத்தாழ ஓர் ஏக்கர் நிலத்தை ஏந்துகிறோம்! 1915-ஆம் ஆண்டில், முதல் உலகப் போரில் நச்சுவாயு பாய்ந்தபோது, உருசிய வேதியியலறிஞர் செலின்ஸ்கி இத்தகைய கரியை முகமூடியில் வைத்தே வீரர்களைக் காத்தார். அதைப் படித்த அன்று அப்பாவின் பழைய துண்டு என் நினைவுக்கு வந்தது.

நீரில் கரைந்த நிறமும் மணமும் அந்தப் பரப்பில் ஒட்டிக்கொள்கின்றன. உறிஞ்சுதல் அன்று இது, பரப்புக் கவர்ச்சி. பாதாம் இலை விழுந்து தேநீர் நிறமாகியிருந்த எங்கள் தொட்டி, சில நாட்களில் அடித்தரை தெரியத் தெளிந்தது. குழாய் நீரின் குளோரினும் கரியிடம் தப்புவதில்லை.

நெஸ்லர் சொன்ன செய்தி

இரண்டாம் வாரம் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. இரண்டு இறந்தன. பளிங்கு போன்ற நீரில் என்ன குறை? ஒரு புட்டியில் எடுத்து வந்து, பேராசிரியரின் அனுமதியுடன் கல்லூரி ஆய்வகத்தில் நெஸ்லர் கரைசலைச் சொட்டினேன். நீர் பளிச்சென்று மஞ்சளாயிற்று. அம்மோனியா!

மீனின் செவுள்வழியும் கழிவுவழியும் வரும் அம்மோனியாவைக் கரி பற்றுவதில்லை என்றே சொல்லலாம். அதை முதலில் நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றுபவை பாக்டீரியாக்கள். அவை சல்லியில் குடியேறிப் பெருக ஒரு மாதத்திற்கு மேலும் ஆகும். நீர் சூடேறினால் அம்மோனியாவின் நஞ்சும் ஏறும். நம் கந்தக பூமியின் வெயிலைச் சொல்ல வேண்டுமா!

அப்பாவிடம் விளக்கினேன். அன்று முதல் இரையைக் குறைத்தார். நாள்தோறும் நான்கு குடம் எடுத்து முருங்கைக்கும் வாழைக்கும் ஊற்றினார். நான்கு குடம் புதுநீர் விட்டார். அந்த நான்கு குடத்தையும் தெருக்குழாயிலிருந்து சுமந்து வந்தவர் அம்மாதான்! ஆறாம் வாரம் நெஸ்லர் கரைசல் நிறம் மாறவில்லை. மிஞ்சிய மீன்கள் பிழைத்தன. இப்போது வாரம் நான்கு குடம் போதும். முருங்கை காய்க்கிறது.

கரிக்கும் ஆயுள் உண்டு. சில வாரங்களில் துளைகள் நிரம்பிவிடும். வெயிலில் காயவைத்தால் புத்துயிர் பெறாது. மீனுக்கு மருந்து இடும்போது கரிப்பையை எடுத்துவிட வேண்டும். இல்லையேல் மருந்தையும் அது விழுங்கிவிடும்.

மாணவ நண்பர்களே! தெளிந்த நீரெல்லாம் தூய நீரன்று. நம் ஊர்க் கிணறுகளும் கண்மாய்களும் பார்வைக்குத் தெளிவாகவே இருக்கலாம். கண் சொல்வதோடு நின்றுவிடாமல் ஆய்வுக்குழாயையும் கேட்பதற்கன்றோ நாம் வேதியியல் படிக்கிறோம்? அடுத்த முறை ஊருக்குப் போகும்போது ஆளுக்கொரு புட்டி நீர் கொண்டு வாருங்கள். சேர்ந்தே சோதித்துப் பார்ப்போம்.