அப்பாவின் கைபேசி

கண்ணாடிப் பலகை ஒன்றை விரலால் தடவியே உலகைச் சுற்றி வரும் இந்நாளில், பொத்தான் வைத்த பழைய நோக்கியாவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஒருவன் கல்லூரிக்கு வந்தால் என்ன ஆகும்? எனக்கு ஆனதைச் சொல்கிறேன். "எந்த அருங்காட்சியகத்தில் திருடினாய்?" என்றான் ஒரு நண்பன். பழையதைக் கழிக்கும்படி நன்னூலாரே சொல்லியிருக்கிறார் என்று இன்னொருவன் எடுத்துக் கொடுத்தான். அவ்வழியே வந்த தமிழ்ப் பேராசிரியர், "அது சொற்களுக்குச் சொன்னது, தம்பி. செல்போனுக்கு அல்ல" என்று கூறிவிட்டு நடந்தார். அவருக்கு என் நன்றி.

அந்தக் கைபேசி நோக்கியா 1100. 2003-ஆம் ஆண்டு வெளிவந்து, உலகெங்கும் 25 கோடிக்கு மேல் விற்றது. படம் எடுக்காது, பாட்டுப் பாடாது. தூசி புகாதபடி ஒரே ரப்பர்த் தகட்டில் அமைந்த விசைகள், வழுக்காத விளிம்பு, உச்சியில் ஒரு சிறு டார்ச் விளக்கு. இவ்வளவுதான் அதன் பெருமை. ஆனால் பஞ்சுத்தூசி பறக்கும் தறிக்குடோனுக்கு இதைவிடப் பொருத்தமான கருவி எது?

என் தந்தையார் சோமனூரில் கூலிக்கு விசைத்தறி ஓட்டியவர். வருகிற அழைப்புக்கும் காசு கட்டும் வழக்கம் 2003 மே மாதத்தோடு ஒழிந்த பிறகுதான், எங்களைப் போன்றவர்கள் கைபேசி வாங்கத் துணிந்தார்கள். அப்பா 2005-இல் வாங்கினார். கரண்ட் போனால் 'சி' விசையை அழுத்திப் பிடித்து டார்ச்சை ஏற்றி, அறுந்த இழைகளைத் தேடிப் பிணைப்பாராம். அந்த வெளிச்சம் எனக்கும் மங்கலாக நினைவிருக்கிறது.

2013-இல் அவர் மறைந்தார். எனக்கு அப்போது எட்டு வயது. நாங்கள் சிங்காநல்லூருக்குக் குடிபெயர்ந்தோம். அம்மா ஒரு பம்ப்செட் பட்டறையில் மோட்டார் காயில் கட்டும் வேலைக்குப் போனாள். கைபேசி டிரங்குப் பெட்டியின் அடியில் உறங்கிற்று. அது உறங்கிய காலத்தில் ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா தொழிற்சாலை மூடப்பட்டது (2014). அப்பாவின் சிம் கார்டுக்குரிய ஏர்செல் நிறுவனமும் 2018-இல் நொடித்துப்போயிற்று. கைபேசிக்கும் ஊமைப்பாடு, சிம்முக்கும் ஊமைப்பாடு!

சென்ற தீபாவளிக்கு வீடு ஒதுக்கும்போது அது என் கைக்கு வந்தது. பின்மூடியைத் திறந்தால் பாட்டரி பணியாரம்போல் உப்பியிருந்தது. லித்தியம் பாட்டரியைச் சார்ஜ் இறங்கிய நிலையில் ஆண்டுக்கணக்கில் போட்டுவைத்தால் உள்ளே வாயு சேர்ந்துவிடும். மூன்றாம் ஆண்டு இயற்பியல் மாணவனுக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் தெரிந்தவனிடம் கருவி இல்லையே! காந்திபுரத்துச் சந்து ஒன்றில் செல்போன் பழுதுபார்க்கும் பெரியவரிடம் போனேன்.

அவர் முதலில் உப்பிய பாட்டரியைக் குத்திவிடாமல் பிதுக்கி எடுத்து அப்புறம் வைத்தார். பாட்டரி முனைகளில் பச்சையாகக் களிம்பு ஏறியிருந்தது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பல்துலக்கும் பிரஷை நனைத்துத் தேய்த்தார். பின், பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் அழிரப்பரால் முனைகளை மெருகேற்றினார். விசைத் தகட்டைக் கழற்றியபோது உள்ளே பஞ்சிழை ஒன்று சுருண்டு கிடந்தது. தூசி புகாது என்று எழுதினேனே, சோமனூர்ப் பஞ்சுக்கு அந்த விதி இல்லை போலும். அவர் அதை ஊதிவிடப் போனார். நான் வாங்கிக் காகிதத்தில் மடித்துக்கொண்டேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை.

பாட்டரி கிடைக்குமா என்று பயந்திருந்தேன். பி.எல்.-5சி என்ற அந்த வகைப் பாட்டரியைச் சிறு எஃப்.எம். ரேடியோக்களிலும் போடுவதால் இன்றும் கடைகளில் தொங்குகிறது. தடித்த பின் வைத்த பழைய சார்ஜரைத்தான் அவருடைய பழைய சாமான் டப்பாவில் வெகுநேரம் தேட வேண்டியிருந்தது.

"சிம்மைத் தொலைச்சிராதீங்க தம்பி. செத்த சிம்மானாலும் அது உள்ள இருந்தாத்தான் போனுக்குள்ள போக முடியும். வேற சிம்மைப் போட்டீங்கன்னா கடைசியாப் பேசின நம்பரெல்லாம் அழிஞ்சிரும்" என்று எச்சரித்தார் பெரியவர்.

வீட்டுக்கு வந்து, அம்மாவின் எதிரில் விசையை அழுத்தினேன். திரையில் இரு கைகள் ஒன்றையொன்று பற்றின. அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர் அப்பா. அவர் எழுதிய கடிதம் ஒன்றுகூட எங்களிடம் இல்லை. இந்தக் கைபேசியில்தான், ஆங்கில எழுத்தில் தமக்குத் தெரிந்த விதமாகக் கூட்டி, முப்பத்தொரு பெயர்களை எழுதி வைத்திருந்தார். பாவு பிணைப்பவர், நூல்காரர், என் பள்ளிக்கூடம். 'அம்மிணி' என்றொரு பெயர். அந்த எண் பக்கத்து வீட்டுத் தொலைபேசி. அம்மா அதைப் பார்த்துவிட்டு, "சரி, அடுத்ததைப் போடு" என்றாள்.

மூன்று பெயர்களுக்கு எண்கள் மட்டும் விசித்திரமாக இருந்தன: 500, 3200, 850. ஏதோ சேவை எண்கள் என்று நினைத்தேன். அம்மாவுக்கு உடனே விளங்கிவிட்டது. "கடன் கண்ணு. ஐநூறும் மூவாயிரத்து இருநூறும் நான் குடுத்துட்டேன். இட்லிக்கடை எண்ணூத்தம்பது எனக்குத் தெரியவே தெரியாது."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் சோமனூருக்குப் பஸ் ஏறினோம். இட்லிக்கடை இப்போது இல்லை. அந்த அம்மாள் மகன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். வரக்காப்பி கொடுத்து, கதை முழுவதையும் கேட்டார்.

"அட, அதெல்லாம் எப்பவோ குடுத்துப்போட்டான் அம்மிணி. அழிக்கத் தெரியாம உட்டிருப்பான்."

"அவருக்கு அழிக்கத் தெரியுமுங்க்கா" என்றாள் அம்மா.

அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "வேண்டாமுன்னா நீ தூங்க மாட்டே. குடு" என்று பணத்தை வாங்கி எண்ணி, இடுப்பில் செருகிக்கொண்டார். கைபேசியையும் வாங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். "இது அவன் எழுதுனதா? சரி, அழிச்சுரு கண்ணு" என்று என்னிடம் நீட்டினார். என் கட்டைவிரல் விசைமேல் போய்விட்டது. அம்மா எட்டிப் பிடுங்கிக்கொண்டாள்.

"இருக்கட்டுமுங்க்கா."

பார்சிலோனாவில் 2017-இல் 3310-ஐப் புது வண்ணங்களில் மீண்டும் அறிமுகம் செய்தார்கள். பழைய கைபேசிகளைச் சேர்ப்பது இன்று ஒரு பொழுதுபோக்கு. நான் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவனா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். என்னிடம் இருப்பது ஒன்றே ஒன்று. பாட்டரி மறுபடி உப்பாமலிருக்க, மாதத்தின் முதல் ஞாயிறன்று சார்ஜ் ஏற்றுகிறேன். பாதிக்கு மேல் ஏற்றுவதில்லை. இந்த மாதம் நான் எழுவதற்குள் அம்மாவே போட்டிருந்தாள். 'சி' விசையை அழுத்திப் பிடித்து, டார்ச் எரிகிறதா என்று சுவரில் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.