தாளின் நிறம், திரையின் ஒளி

அச்சிட்ட புகைப்படத்துக்குச் சொந்த ஒளி கிடையாது. மேலே விழும் வெளிச்சத்தில் ஒரு பங்கை உறிஞ்சிக்கொண்டு மீதியைத் திருப்பி அனுப்புகிறது. கைபேசி, கணினி, தொலைக்காட்சித் திரைகள் தாமே ஒளிர்கின்றன. புரொஜெக்டர் தூரத்திலிருந்து ஒளியை வீசுகிறது. அதன் வெண்திரையும் தாளைப் போல அந்த ஒளியைத் திருப்பி அனுப்பும் பரப்புதான். ஒரே கோப்பு இந்த மூன்று இடங்களிலும் மூன்று படங்களாகத் தெரிவதற்கு அடிப்படை இதுவே. மதுரையில் கல்யாண ஆல்பம் அச்சிடும் கலர் லேப் ஒன்றுக்குப் போனபோது, அங்கே நடக்கும் வேலையில் பாதி இந்த வேறுபாட்டைச் சமாளிப்பதாகவே இருந்தது.

லேப்பின் ஆண்டு முகூர்த்தக் கணக்கில் ஓடுகிறது. தை, வைகாசி, ஆவணி மாதங்களின் கல்யாணங்கள் முடிந்ததும் சுற்று ஊர் ஸ்டூடியோக்களிலிருந்து படங்கள் குவியும். ஆடியிலும் மார்கழியிலும் மெஷினுக்கு ஓய்வு கிடைக்கும். வந்த கோப்புகள் டிசைனிங், கரெக்‌ஷன், பிரிண்டிங், பைண்டிங் என்று கைமாறிப் போகின்றன. ஆல்பத்தை விரித்தால் எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டும் சேர்ந்து 12×36 அங்குலம். அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்று கணக்கிட்டால் 3,600×10,800, அதாவது ஏறக்குறைய 3 கோடியே 89 லட்சம் புள்ளிகள். 4கே தொலைக்காட்சியில் இருப்பவை சுமார் 83 லட்சம். ஃபுல் ஹெச்டி புரொஜெக்டரில் சுமார் 21 லட்சம். ஒரு சாதாரண 4×6 அங்குலப் பிரிண்ட்டிலேயே அதைவிடச் சற்று அதிகமாக இருக்கிறது. மண்டபங்களில் மேடைக்குப் பக்கத்தில் நிறுத்தும் எல்இடி சுவரின் கதை இன்னும் வியப்பானது. புள்ளிகளுக்கிடையே 3 மில்லிமீட்டர் இடைவெளி உள்ள சுவர் 12 அடி அகலமும் 8 அடி உயரமும் இருந்தால், அதில் சுமார் 10 லட்சம் புள்ளிகளே அடங்கும். சட்டைப் பையில் வைக்கும் பிரிண்ட்டின் விவரத்தில் பாதிகூட அங்கே இல்லை. ஆனாலும் ஏறத்தாழ 10 மீட்டர் தள்ளி உட்கார்ந்தவருக்கு அந்தப் புள்ளிகள் ஒன்றோடொன்று கலந்துவிடும், குறை எதுவும் தெரியாது. ஆல்பத்தை மடியில் வைத்து ஒரு சாண் தூரத்தில் முகத்தைக் கொண்டுபோய்ப் பார்ப்பார்கள். அச்சுக்கு 300 புள்ளிகள் தேவைப்படுவது அந்த நெருக்கத்துக்காகத்தான்.

பிரிண்டிங் மெஷினுக்குள் இன்னமும் வெள்ளி உப்புப் பூசிய தாள்தான் ஓடுகிறது. சிவப்பு, பச்சை, நீல லேசர் கதிர்கள் இருட்டுக்குள் தாளில் படத்தை வரைகின்றன. தாளின் மூன்று அடுக்குகளில் சிவப்பு ஒளி பட்ட இடத்தில் சியான், பச்சை பட்ட இடத்தில் மெஜந்தா, நீலம் பட்ட இடத்தில் மஞ்சள் சாயம் உருவாகும். டெவலப்பர், அடுத்து பிளீச்-ஃபிக்ஸ், பிறகு கழுவல், உலர்த்தல். முதல் இரண்டு தொட்டிகளிலும் தாள் முக்கால் முக்கால் நிமிடமே இருக்கிறது. பிளீச்-ஃபிக்ஸ் தொட்டி வெள்ளியை முழுவதுமாகக் கரைத்து எடுத்துவிடுவதால், கைக்கு வரும் கலர் பிரிண்ட்டில் வெள்ளி இல்லை, சாயம் மட்டுமே இருக்கிறது. கழிவுக் கரைசலிலிருந்து அந்த வெள்ளியைப் பிரித்தெடுப்பது தனித் தொழில். காலையில் மெஷினைப் போட்டதும் ஆபரேட்டர் முதலில் கண்ட்ரோல் ஸ்ட்ரிப்பை ஓட்டி அளவு பார்க்கிறார். கெமிக்கலின் சூடோ வீரியமோ சற்று மாறினாலும் அன்றைய முகங்களெல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்துவிடும்.

தீர்மானம் எடுக்கப்படுவது கரெக்‌ஷன் அறையில். சுவர் சாம்பல் நிறம், ஜன்னல் அடைத்திருக்கிறது. மானிட்டருக்குப் பக்கத்தில் 5,000 கெல்வின் விளக்கு பொருத்திய ஒரு பெட்டி. புதுப் பிரிண்ட்டை அதற்குள் வைத்து, திரையையும் தாளையும் மாறி மாறிப் பார்க்கிறார் கரெக்‌ஷன் பார்க்கும் இளைஞர். மஞ்சள், மெஜந்தா, சியான் ஆகிய மூன்றோடு அடர்த்தியைக் குறிக்கும் ‘டி’யும் சேர்ந்தால் அவருடைய கருவிகள் முடிந்தன. “எம் ஒண்ணு குறைங்க, டி ஒண்ணு இறக்குங்க” என்று மெஷின் பக்கம் குரல் கொடுக்கிறார். தாலி கட்டும் நேரத்துப் படம் அது. வீடியோ லைட்டின் வெளிச்சத்தில் மணமகளின் நெற்றி வெளுத்திருந்தது. மாநிற மணமகனின் கன்னம் நிழலுக்குள் இருந்தது. திரையில் இருவருமே தெளிவாகத் தெரிந்தார்கள். முதல் பிரிண்ட்டில் மணமகனின் தாடையும் காதோரமும் முடியோடு சேர்ந்து மூழ்கிவிட்டன. அடர்த்தியைக் குறைத்து எடுத்த இரண்டாவது பிரிண்ட்டில் முகம் மேலே வந்தது. முகத்தை வெளுப்பாக்கச் சொல்லிக் கேட்கும் ஸ்டூடியோக்காரர்கள் உண்டு. இவர் செய்தது அதுவல்ல. உண்மையில் இருந்த நிறத்தைத் தாளில் கண்ணுக்கு எட்டும்படி வைத்தார். இந்தத் தொழிலில் மதிக்க வேண்டிய திறமை இதுவே என்பேன்.

முதல் பிரிண்ட் மூழ்கியதற்குக் காரணம் இருக்கிறது. பளபளப்புத் தாளின் மிக ஆழ்ந்த கறுப்புகூடத் தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 200-ல் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பும். மேட் தாளில் அது இன்னும் கூடுதல். நல்ல எல்சிடி திரையில் வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள விகிதம் 1,000-க்கு 1, ஓஎல்இடி திரையில் அதைவிட மிக அதிகம். திரையில் பரந்து கிடக்கும் நிழல் விவரங்களைத் தாளின் குறுகிய எல்லைக்குள் அடக்க வேண்டியிருக்கிறது. எதை விடுவது, எதைக் காப்பது என்று ஒருவர் முடிவு செய்தாக வேண்டும். புரொஜெக்டரின் நிலை இதிலும் மோசம். வெண்திரையில் கறுப்பு என்பது ஒளி விழாத இடம். மண்டபத்தில் டியூப் லைட் எரிந்தால் அந்த இடமும் வெளிறிவிடும். விளக்கை அணைத்த திரையரங்கில் மட்டுமே புரொஜெக்டர் படம் முழுமை பெறுகிறது. அங்கே வெள்ளையின் அளவு சதுர மீட்டருக்கு 48 கேண்டெலா. கைபேசித் திரையோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. ஆனால் சுற்றியுள்ள இருட்டு அதைப் பளிச்சென்று காட்டுகிறது.

“பிரிண்ட் இருட்டா இருக்கே” என்பது லேப்புக்கு வரும் தீராத புகார். இதில் வீட்டு வெளிச்சத்தின் பங்கு பெரிது. அச்சுப் படங்களை ஒப்பிட்டுப் பார்க்க 2,000 லக்ஸ், சாதாரணமாகப் பார்க்க 500 லக்ஸ் வெளிச்சம் வேண்டும் என்கிறது ஐஎஸ்ஓ 3664 தரம். 500 லக்ஸில் தாளின் வெள்ளை சதுர மீட்டருக்கு 140 கேண்டெலா அளவில் இருக்கும். இரவில் ஒற்றை டியூப் லைட் எரியும் கூடத்தில் 100 லக்ஸ் கிடைத்தால், அதே வெள்ளை 30 கேண்டெலாவுக்கு இறங்கிவிடும். பக்கத்தில் கையிலிருக்கும் கைபேசியோ 300, 400 என்று ஒளிர்ந்துகொண்டிருக்கிறது. தாள் அங்கே தோற்பது இயல்பு. ஆல்பத்தைப் பகலில் ஜன்னலோரம் வைத்து, கைபேசியை அணைத்துவிட்டுப் பார்ப்பதுதான் நியாயமான ஒப்பீடு.

நிறத்தில் தாளுக்கும் திரைக்கும் தனித்தனி எல்லைகள் உண்டு. திரை காட்டும் மிகப் பளிச்சென்ற பச்சையும் நீலமும் சாயத்தில் வராது. மயில்கழுத்து நிறப் பட்டு தாளில் சற்று அடங்கித்தான் தெரியும். சரிகையின் மினுக்கம் இரண்டிலுமே கிடையாது, ஏனென்றால் அது பார்க்கும் கோணத்தோடு மாறுவது. அதற்காகவே மெட்டாலிக் தாள் கேட்கிறார்கள். அதன் முத்துப் பளபளப்பு ஆல்பத்தைச் சாய்க்கும்போது நகர்வதால் சரிகைக்கு ஓரளவு உயிர் வருகிறது. ஆனால் முகங்களுக்கும் அதே பளபளப்பு ஏறிவிடும். சரிகைக்காக முகத்தை விட்டுக்கொடுக்கும் அந்தத் தேர்வு எனக்கு ஒப்பவில்லை.

வாட்ஸ்அப்பில் வரும் படம் இன்னொரு தலைவலி. சாதாரணமாக அனுப்பினால் நீளவாக்கில் 1,600 புள்ளிகள் அளவுக்குச் சுருங்கிவிடும். கைபேசியில் குறை தெரியாது. 18 அங்குல ஃபிரேமுக்கு நீட்டினால் அங்குலத்துக்கு 89 புள்ளிகளே மிஞ்சும். கண்ணிமையும் மல்லிகைச் சரமும் குழம்பிப்போகும். “அண்ணே, போட்டோவா அனுப்பாதீங்க, டாக்குமென்ட்டா அனுப்புங்க” என்று கவுண்டரில் இருக்கும் பெண் ஃபோனில் பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

காலம் அச்சுப் படத்தையும் கோப்பையும் வேறு வேறு விதமாகத் தாக்குகிறது. எழுபதுகளின் கலர் பிரிண்ட்டுகள் பல இன்று செம்மை படர்ந்திருக்கின்றன. அந்தக் காலத் தாள்களில் சியான் சாயம் இருட்டில் வைத்திருந்தாலும் கலைந்துவிடும். அவற்றுக்கு முந்திய கறுப்பு வெள்ளைப் படங்களில் வெள்ளியே உருவமாக நிற்பதால், நன்றாகக் கழுவியவை இன்றும் தெளிவாக இருக்கின்றன. இப்போதைய தாள்களின் சாயம் எவ்வளவோ உறுதியானது, என்றாலும் நேர் வெயில் படும் சுவரில் மாட்டினால் வெளிறும். மழைக்காலத்து ஈரத்தில் ஜெலட்டின் அடுக்கு ஃபிரேம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே மவுண்ட் அட்டை வைத்தால் இதைத் தடுக்கலாம். கோப்பு வெளிறுவதில்லை, ஆனால் ஹார்டு டிஸ்க் பழுதானால் ஒரேயடியாகப் போய்விடும். லேப்பும் கோப்புகளை நிரந்தரமாக வைத்திருப்பதில்லை; அடுத்த சீசனுக்கு இடம் வேண்டுமென்று பழையவற்றை அழித்துவிடுகிறார்கள். பிறகு மறுபடி அச்சிடக் கேட்டு வருபவர்கள் பெரும்பாலும் கொண்டுவருவது ஆல்பத்தையே. கண்ணாடியில் ஒட்டிய படமாக இருந்தால் பிரிக்கக் கூடாது, கிழிந்துவிடும். ஃபிரேமோடு நிறுத்தி, இரு பக்கமும் 45 பாகைக் கோணத்தில் விளக்கு வைத்து, கண்ணாடியில் எதிரொளி விழாமல் படமெடுத்து, போன சியானைத் திருத்தத்தில் ஏற்றி, புதுத் தாளில் போட்டுக் கொடுக்கிறார்கள்.