மோர் விடாத கூழ்

சென்ற சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை ஏழரை மணிக்குத் திருவான்மியூரில் தொடங்கி, பிற்பகல் இரண்டு மணிக்கு முட்டுக்காட்டுக் கழிமுகத்தருகே முடியும்வரை, உணவைத் தேடி நாம் அலைந்தோம். பையில் பணம் இருந்தது. கிழக்குக் கடற்கரைச் சாலையின் இருமருங்கிலும் உணவகங்களுக்குப் பஞ்சமில்லை. ஆயினும் அலைந்தோம். உடன் வந்தவன் நம் மகன், வெளியூரில் பொறியியல் படிப்பவன், விடுமுறைக்கு வந்திருந்தான். பால், தயிர், மோர், வெண்ணெய், நெய் ஆகிய ஐந்தையும், அவற்றோடு தேனையும் அவன் விட்டு ஓராண்டு ஆகியிருந்தது.

"நாமெல்லாம் சைவந்தானே, இதில் என்ன தொல்லை?" என்று அன்பர்கள் கேட்கக்கூடும். நாமும் அப்படித்தான் எண்ணியிருந்தோம். மூன்று தலைமுறையாகப் புலால் நுழையாத வீடு நம்முடையது. புலால் மறுத்தல் அதிகாரத்தை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிறவர் நாம். அவ்வதிகாரம் ஊனைப் பேசுகிறது, பாலைப் பேசவில்லை என்பது மகன் சொல்லித்தான் நம் கருத்தில் பட்டது. இங்கிலாந்தில் டொனால்டு வாட்சனும் அவருடைய நண்பர் சிலரும் 1944-ல் 'வீகன்' என்னும் புதுச்சொல்லைப் படைத்ததற்கும் இதே இடைவெளிதான் காரணம். சைவ உணவாளர் என்ற பெயருக்குள் பாலும் முட்டையும் அடங்கியிருந்தமையால் அவர்களுக்கு வேறொரு பெயர் தேவைப்பட்டது. தமிழில் இதனை 'நனிசைவம்' என்று வழங்குகின்றனர். 'நனி' என்னும் பழைய உரிச்சொல்லை உயிர்ப்பித்த அழகிய ஆக்கம். தமிழாசிரியர் எவரும் மகிழ்வார். ஆனால் அச்சொல்லை உணவகத்தில் சொல்லிப் பாருங்கள், பரிமாறுபவர் கல்லாப்பெட்டிக்காரரைப் பார்ப்பார். அவர் நம்மைப் பார்ப்பார்.

மகன் ஏன் விட்டான் என்பதைச் சொல்லாமல் மேலே செல்ல இயலாது. மதுராந்தகத்துக்கு அப்பால் உறவினர் வீடு ஒன்றுண்டு. அங்கே ஒரு பசுவின் கன்று இறந்துபோயிற்று. கன்றில்லாமல் பசு மடி இறக்காது. அதன் தோலை உரித்து, உலர்த்தி, வைக்கோல் திணித்து, நான்கு கழிகளில் நிறுத்திப் பசுவின்முன் வைத்திருந்தார்கள். நாட்டுப்புறத்தில் முன்பு பரவலாக இருந்த வழக்கந்தான் இது. நாமும் சிறுவயதில் கண்டதுண்டு. பசு அந்தத் தோற்கன்றை நக்கிக்கொண்டே நின்றது. உறவினர் கறந்துகொண்டிருந்தார். அந்தப் பாலில்தான் நமக்குக் காப்பி வந்தது. நாம் குடித்தோம். மகன் டம்ளரைத் திண்ணையில் வைத்துவிட்டு எழுந்து போனான்.

மனுநீதிச் சோழன் கதையைச் சிறுவயதில் அவனுக்குச் சொல்லி வளர்த்ததும் நாமே. திரும்பி வரும் பேருந்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டான்: "அந்தப் பசுவுக்கு அடிக்க ஒரு மணி இருந்தது. இதுக்கு என்னப்பா இருக்கு?" விடையாக எதையோ சொல்லி வைத்தோம். என்ன சொன்னோம் என்பது இப்போது நினைவில் இல்லை. நினைவில் வைக்கத்தக்கதாக இருந்திராது.

இதில் மிகவும் நொந்தவர் நம் தாயார். காஞ்சிபுரத்தில் தறிவீட்டில் பிறந்தவர். இளமையில் பெரும்பாலும் கூழ்தான் அவருக்கு உணவு. நெய் என்பது பண்டிகை நாளில் கண்ணில் படும் பொருள். பேரன் பிறந்தபின் அவன் சோற்றில் ஒரு கரண்டி நெய் விழாமல் அவர் பரிமாறியதே இல்லை. அந்தக் கரண்டியைப் பேரன் கையால் தடுத்த அன்று அவர் ஒன்றும் பேசவில்லை. ஆனால் அன்றிரவு அவரும் உண்ணவில்லை. அவருக்கும் பேரனுக்கும் இடையே ஓராண்டாக ஒரு மௌனம். நமக்கோ இருவர் மீதும் சினம்.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். முதலில் நுழைந்தது பெயர்பெற்ற சைவ உணவகம் ஒன்று.

"தம்பி, பால் சேர்ந்தது எதுவும் வேண்டாம்."

"சார், நம்ம கடை ப்யூர் வெஜ் சார். முட்டைகூடக் கிடையாது."

"நெய் இருக்குமா?"

"நல்ல நெய் சார்!"

இட்டிலி வந்தது. சாம்பாரின் மேல் நெய் மிதந்தது. திருப்பி அனுப்பினோம். தோசை வந்தது, மணமே சொல்லிவிட்டது. குற்றம் அவருடையது அன்று. நெய் மணப்பது உயர்ந்த கடைக்கு அடையாளம் என்று அவருக்குக் கற்பித்தவர்கள் நாமே அல்லவா?

அன்று காலைக்குள் நாம் கற்றுக்கொண்டவற்றை, பிறருக்குப் பயன்படலாம் என்பதால் இங்கே குறித்து வைக்கிறோம். பொங்கலையும் கேசரியையும் கேட்கவே வேண்டா. இரசம் ஐயத்துக்குரியது, தாளிப்பு நெய்யிலா எண்ணெயிலா என்று கேட்டாக வேண்டும். அவியலிலும் மோர்க்குழம்பிலும் தயிர் உண்டு. குருமாவில் சிலர் தயிர் சேர்ப்பர். பரோட்டா மாவில் பாலோ முட்டையோ சேர்ப்பவரும் உண்டு. நம்பத்தக்கவை இட்டிலியும் நல்லெண்ணெய் விட்ட மிளகாய்ப்பொடியும், இடியாப்பமும் தேங்காய்ப்பாலும், 'எண்ணெயில்தான் வேண்டும்' என்று வலியுறுத்திக் கேட்ட தோசையும். நல்லெண்ணெயில் கிண்டிய கோயில் புளியோதரை, கடற்கரையில் விற்கும் தேங்காய் மாங்காய் பட்டாணிச் சுண்டல் ஆகியவற்றில் பாலின் சுவடே இல்லை. சுக்குக் காப்பி கருப்பட்டியோடு கிடைத்தால் அமுதம். கடையில் வாங்கும் பொட்டலங்களில் உள்ள பச்சைப் புள்ளி இதற்கு உதவாது. பால் சேர்ந்தாலும் அப்புள்ளி இருக்கும். நனிசைவப் பொருள்களுக்கென்று தனி விதிகளும் தனிக் குறியும் 2022-ல் தான் இந்தியாவில் வந்தன.

அடுத்து, 'வீகன்' என்று ஆங்கிலத்தில் பலகையே மாட்டிய புதுவகை உணவகம் ஒன்றின் வாயிலில் நின்றோம். சென்னையில் இத்தகையவை இப்போது சில உண்டு. விலைப்பட்டியலைப் படித்த மகன், "வேண்டாம்ப்பா, இங்க என் கூட்டாளிங்கள ஒருநாளும் கூட்டிட்டு வர முடியாது" என்று திரும்பிவிட்டான். ஒரு குவளை பாதாம்பால் காப்பியின் விலைக்கு இருவர் வயிறார உண்ணலாம் என்பது நம் கணக்கு.

மூன்றாவது கடையில்தான் நமக்கு ஒரு சூழ்ச்சி தோன்றியது. "பையனுக்குப் பத்தியம்" என்றோம். அவ்வளவுதான். சமையற்காரரே வெளியே வந்துவிட்டார். "மருந்து எத்தனை நாளைக்கு? புளி சேக்கலாமா? கல்லைத் தனியாக் கழுவிப் போடறேன்" என்றார். அடுப்படியில் பத்தியம் என்னும் சொல்லுக்கு உள்ள அதிகாரம் அரசாணைக்கும் இல்லை. நல்லெண்ணெயில் வார்த்த இரண்டு தோசை வந்தன, மணக்க மணக்க. மகன் தட்டை வழித்து உண்டான். கைகழுவி வந்து சமையற்காரரிடம், "அண்ணா, தோசை ரொம்ப நல்லா இருந்தது. எனக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்ல. பால் மட்டும் சாப்பிடறதில்ல" என்று சொல்லிவிட்டான். அவர் நம்மைப் பார்த்த பார்வையைத் தாங்கிக்கொண்டு வெளியே வந்தோம்.

"ஏன்டா, சாப்பாடு கிடைச்சாப் போதாதா?" என்றோம்.

"எனக்கு நோய்ன்னு சொல்லித்தான் கிடைக்கணும்னா வேணாம்ப்பா. அந்தக் கன்னுக்குட்டிய நீங்க மறைக்கறீங்க."

முட்டுக்காடு போய்ச் சேரும்வரை இருவரும் பேசவில்லை.

அவன் பார்க்க விரும்பியது தட்சிணசித்திராவை. 1996-ல் திறக்கப்பட்ட அவ்விடத்தைப் பற்றி அன்பர்கள் அறிவீர்கள். தென்னாட்டின் பழைய வீடுகளைப் பிரித்துக் கொணர்ந்து மீண்டும் எழுப்பியிருக்கிறார்கள். செட்டிநாட்டு வீட்டுத் தூண்களை மக்கள் வியந்து நிற்க, இவன் அடுப்படிகளையே பார்த்துக்கொண்டு நடந்தான். வெளியே வந்தபோது உச்சிவெயில். பசி.

முட்டுக்காடு நெய்தல் நிலம். கழிமுகத்தில் படகுகள், பாலத்துக்கு அப்பால் கடல். உவர்நீரில் மீனும் இறாலும் வளர்ப்பதை ஆராயும் நடுவணரசு நிறுவனத்தின் ஆய்வு நிலையமும் இங்கேதான் உள்ளது. பலகைகள்தோறும் நண்டு, இறால், வஞ்சிரம். இன்னும் தெற்கே மாமல்லபுரத்து ஒத்தவாடைத் தெருவுக்குப் போனால் வெளிநாட்டார் உண்ணும் கடைகளில் நனிசைவம் கிடைக்கக்கூடும். ஆனால் பேருந்துக்கு நின்று போய்ச் சேரும்வரை வயிறு பொறுக்குமா?

சாலையோரத்தில் நுங்கு விற்றார்கள். இருவரும் அமர்ந்து, ஆளுக்கு ஆறேழு சுளை உண்டோம். இளநீர் ஒன்று குடித்தோம். அப்போதுதான் நமக்குப் பெரும்பாணாற்றுப்படை நினைவுக்கு வந்தது. இருபது ஆண்டுகளாக நாம் நடத்தும் பாடல்! தொண்டைமான் இளந்திரையனின் காஞ்சிக்குச் செல்லும் பாணனுக்கு, எந்தெந்த வீட்டில் என்னென்ன உணவு கிடைக்கும் என்று கடியலூர் உருத்திரங்கண்ணனார் நிலம் நிலமாகச் சொல்லிச் செல்கிறார். எயினர் வீட்டில் செந்நெற்சோறும் உடும்பும். கோவலர் வீட்டில் தினைச்சோறும் பாலும். வலைஞர் வீட்டில் கள்ளும் மீனும். அந்தணர் வீட்டில் வெண்ணெயில் வெந்த மாதுளங்காய். பின்னர் நீர்ப்பெயற்று என்னும் பட்டினம் வருகிறது. அது மாமல்லபுரமே என்று கருதும் ஆய்வாளர் உண்டு. பட்டினத்தையும் கலங்கரை விளக்கத்தையும் கடந்தால் தோப்புகளில் வாழும் உழவர் வீடுகள். அங்கே விருந்து என்ன தெரியுமா? பலாச்சுளை, இளநீர், வாழைப்பழம், நுங்கு. இனிப்புத் திகட்டினால் சேப்பங்கிழங்கு. ஊன் இல்லை, பாலும் இல்லை. பத்து மதிப்பெண் வினாவுக்காக இப்பகுதியை எத்தனை முறை சொல்லியிருக்கிறோம்! ஒருமுறையேனும் இதனைக் கவனித்தோமில்லை.

மகனிடம் சொன்னோம். நுங்கைக் கட்டைவிரலால் நெம்பிக்கொண்டே கேட்டான். "அவங்க யாரும் பத்தியம்னு சொல்லலையே?" என்றான். நாம் சிரித்துவிட்டோம். அவனும் சிரித்தான்.

நுங்கு பசியாற்றாது. சற்றுத் தள்ளி ஒரு புங்கமரத்தடியில் கூழ் வண்டி. அறுபது வயதிருக்கும் ஓர் அம்மையார். பெரிய பானையில் கேழ்வரகுக் கூழ். அருகே மோர்க் குடம். தட்டுகளில் மோர்மிளகாய், மாங்காய், கருவாட்டுத் தொக்கு.

"ரெண்டு சொம்பு குடுங்கம்மா. ஒண்ணுல மோர் ஊத்தாதீங்க."

"ஏன் சாமி, புள்ளைக்குச் சளியா? பத்தியமா?"

'ஆம்' என்று நாவின் நுனிவரை வந்துவிட்டது. மகன் கழிமுகத்துப் பக்கம் திரும்பி நின்றிருந்தான். ஆனால் கேட்டுக்கொண்டிருக்கிறான் என்பது தெரிந்தது.

"இல்லீங்கம்மா," என்றோம். பிறகு தோற்கன்றின் கதையைச் சொன்னோம். நாற்பத்தெட்டு வயதுத் தமிழ்ப் பேராசிரியர், நடுவெயிலில், கூழ் வண்டியின்முன் நின்றுகொண்டு, குரல் சற்றுத் தடுமாறத்தான் செய்தது.

அம்மையார் கரண்டியை நிறுத்திவிட்டுக் கேட்டார். "நாங்களும் வெச்சிருக்கோம் சாமி, அந்த மாரி. எம் மாமியா வெச்சாங்க. பசு பாத்துச்சுன்னா எனக்குக் கண்ணு கலங்கும். ஆனா புள்ளைங்களுக்கு அந்தப் பாலு வித்துத்தான் அரிசி. என்னா பண்றது?" என்றார். பின்பு கூழ்க்கட்டியைப் பானையிலிருந்து எடுத்து, உப்புப் போட்டு, வெறும் தண்ணீர் விட்டுக் கையால் கரைத்தார். வழக்கப்படி தட்டில் இரண்டு மோர்மிளகாயை வைத்தவர், சட்டென்று அவற்றை எடுத்துவிட்டார்.

"இதுலயும் மோரு கீதே!" என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டு, சின்ன வெங்காயமும் உப்பும் மிளகாய்த்தூளும் தடவிய மாங்காய்க் கீற்றுகளும் வைத்து மகனிடம் நீட்டினார். மோர்மிளகாய் நமக்குமே தோன்றவில்லை.

மகன் இரண்டு சொம்பு குடித்தான். நம் சொம்பில் மோர் இருந்தது, அதை மறைப்பானேன்.

வீடு திரும்ப மாலையாயிற்று. தாயாருக்கென்று நுங்கு வாங்கி வந்திருந்தோம். அதைக் கையில் வாங்கியவர், பேரனைப் பாராமல் நம்மிடம், "எங்க சாப்டான்?" என்று கேட்டார்.

"முட்டுக்காட்டுல, ரோட்டோரம். கூழு."

"கூழா?" தாயார் நுங்கைக் கீழே வைத்தார். அவ்வீட்டில் நாற்பது ஆண்டுகளாகக் கூழ் காய்ச்சியதில்லை. இனி அந்த வாசனையே வேண்டாம் என்று அவரே நிறுத்தியது அது.

"காசு குடுத்து ரோட்டுல குடிக்கணுமா? நான் காய்ச்சித் தர மாட்டேனா?" என்று பேரனைப் பார்த்தே கேட்டார்.

"மோர் ஊத்தக்கூடாது பாட்டி."

"எங்க வீட்ல மோருக்கு எங்கடா போனோம்? தண்ணிதான்."

அன்றிரவு ஒன்பது மணிக்கு நாம் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தோம். தெருமுனைக் கடையிலிருந்து மகன் கேழ்வரகு மாவு வாங்கி வந்தான். நாளைக்குப் புளிக்க வேண்டுமென்று, மண்சட்டி இல்லாமையால் ஒரு எவர்சில்வர் பாத்திரத்தில், தாயார் அதைக் கரைத்துக்கொண்டிருந்தார். நொய்யரிசி வாங்கிவர மறந்துவிட்டான் என்று அவனை வைதுகொண்டும் இருந்தார்.