சேறு பார்க்கப் போவது

“ஏன் வாத்தியாரே, சேறு பாக்கவா இம்புட்டு தூரம் பஸ் எடுத்துப் போறீங்க? நம்ம பண்டுக்கு அந்தாண்ட இல்லாத சேறா?”

பேத்தியின் ஒப்புதல் பாரத்தில் கையெழுத்துப் போட வந்த ஒரு பாட்டி பள்ளி வாசலில் கேட்டது. அன்றைக்குச் சிரித்துச் சமாளித்துவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

பாகான் டத்தோ வட்டாரத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் அறிவியலும் தமிழும் சொல்லிக்கொடுக்கிறேன். ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளைக் கடலோர இயற்கைப் பூங்காவுக்கு அழைத்துப் போகிற பொறுப்பு 2003-இல் என் தலையில் விழுந்தது. பிறகு வேறு யாரும் அதைக் கேட்டு வரவில்லை, என்னிடமே தங்கிவிட்டது.

ஊரைத் தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். பேராக் ஆறு மலாக்கா நீரிணையில் விழும் இடத்தின் தென்கரை எங்களுடையது. 2017-இல்தான் தனி மாவட்டமானது. ஈப்போ பக்கத்துச் சுண்ணாம்புக் குன்றுகளும் பால்மரக் காடுகளும் இங்கே இல்லை. தட்டையான களிமண், கண்ணுக்கெட்டியவரை தென்னை, இடையிடையே செம்பனை. கடல் ஏறும்போது நிலம் தாழ்ந்து கிடக்கும். அதனால் கரை நெடுக மண்ணைக் கொட்டிக் கட்டு எழுப்பியிருக்கிறார்கள். அதைத்தான் பண்டு என்கிறோம். கடல் வற்றும்போது வாய்க்கால் கதவு திறந்து தோட்டத்து நீரை வெளியே விடும், ஏறும்போது மூடிக்கொள்ளும். பண்டு உடைந்தால் உப்புநீர் புகுந்து தென்னை நோய்ப்படும். அந்தக் கட்டுக்கு அப்பால் ஒரு பட்டைக் கண்டல் காடு, அதற்கப்பால் சேறு, பிறகு கடல். எங்கள் பிள்ளைகள் கடலோரத்துப் பிள்ளைகள்தான். ஆனால் அவர்களில் பாதிப் பேர் அந்தக் கட்டின் மேல் ஏறி நின்று அந்தப் பக்கம் பார்த்ததில்லை. பாம்பு இருக்கும், புதைந்துவிடுவாய் என்று சொல்லியே வளர்த்திருக்கிறார்கள். தவறில்லை, அந்தச் சேறு தொடை வரைக்கும் இழுக்கும்.

2003-இல் போன முதல் பயணம் கோலா சிலாங்கூர் இயற்கைப் பூங்காவுக்கு. மலேசிய இயற்கைக் கழகம் சிலாங்கூர் அரசோடு சேர்ந்து 1987-இல் தொடங்கிய இடம். ஊத்தான் மெலிந்தாங், சாபாக் பெர்ணம், சிக்கிஞ்சான் வயல்கள் என்று இரண்டு மணி நேரத்துக்கு மேல் பஸ். காலை ஏழு மணிக்கு வரிசை, பத்து மணிக்கு அங்கே, பன்னிரண்டுக்குச் சாப்பாடு, இரண்டுக்குப் புறப்பாடு. நிமிடக் கணக்கோடு எழுதி, தலைமையாசிரியர் முத்திரை வாங்கி, மேலிடத்துக்கு அனுப்பி அனுமதி பெற்ற திட்டம். பலகைப் பாதையின் நுனிக்குப் போய் நின்றால், காலடி வரைக்கும் பழுப்புத் தண்ணீர். நண்டில்லை, மீனில்லை, சேறே இல்லை. இருபத்தெட்டுப் பிள்ளைகள் தண்ணீரைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள்.

பூங்காவின் வழிகாட்டி ஒரு வயதான மலாய்க்காரர். சிரிக்காமல் ஒன்று கேட்டார்: “சிக்கு, ஆயிர் பாசாங் பார்த்துட்டு வரலையா?”

கடல் ஏற்றத்தைப் பார்க்காமல் கடலோரத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டி வந்த வாத்தியார் நான். பள்ளி மணியைப் பார்த்தேன், பஸ்காரர் நேரத்தைப் பார்த்தேன், சாப்பாட்டு நேரத்தைப் பார்த்தேன். இந்தத் தொழிலில் நான் கற்ற முதல் பாடம் அதுதான், இன்றுவரை முதல் பாடமும் அதுதான்.

இப்போது தேதியை நான் குறிப்பதில்லை, நிலா குறிக்கிறது. வீட்டுச் சுவரில் தொங்கும் தமிழ் நாள்காட்டியில் அமாவாசையும் பௌர்ணமியும் பார்ப்பேன். அதற்கு ஓரிரு நாள் கழித்துக் கடல் மிக ஏறும், மிக வற்றும். அப்போதுதான் சேறு அதிக தூரம் வெளியே தெரியும். மணிக்கணக்குக்குக் கடற்படையின் நீரளவியல் மையம் வெளியிடும் அலைநேர அட்டவணை. எங்கள் கரையில் நாளுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். ஆகவே இந்த வாரம் சரியாக இருந்த நேரம் அடுத்த வாரம் உதவாது. கடைசி வற்றத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னால் போய்ச் சேர வேண்டும். முழுதும் வற்றிய பிறகு போனால் வெயில் ஏறியிருக்கும். நீர் இறங்கிக்கொண்டிருக்கும்போது போனால், பிள்ளைகள் கண்ணெதிரே தரை பிறக்கும். முதலில் வேர், பிறகு மினுங்கும் மேடு, பிறகு ஓட்டைகள்.

ஒரு தலைமையாசிரியர் கேட்டார்: “என்ன சார், பஞ்சாங்கம் பார்த்தா சுற்றுலா போறது?” ஆமாம், பஞ்சாங்கம் பார்த்துத்தான்.

இரண்டாவது பாடம் பிடிபட இன்னும் சில ஆண்டுகள் ஆயின. நான் பயிற்சித்தாள் ஆசிரியன். ஐந்து பக்கம், நாற்பது கேள்வி, படத்துக்கு வண்ணம், கோடிட்ட இடம். பிள்ளைகள் பலகைப் பாதையில் குந்தி, முதுகைச் சேற்றுக்குக் காட்டிக்கொண்டு, பக்கத்திலிருப்பவன் தாளைப் பார்த்து எழுதினார்கள். “கண்டல் மரத்தின் வேர் எப்படி இருக்கும்?” என்ற கேள்விக்கு விடை எழுதிக்கொண்டிருந்த பையனின் முழங்கைக்கு ஒரு சாண் தள்ளி வேர் நின்றது. அவன் தலையைத் திருப்பவில்லை, பாடநூலில் படித்ததை எழுதினான். தாளைத் தயாரித்தது நான், திருத்தப் போவதும் நான். யாரைக் குறை சொல்வது? அடுத்த ஆண்டு தாள் இல்லை. இதற்கு ஆதாரம் எங்கே, அறிக்கைக்கு என்ன இணைப்பது என்று கேட்டார்கள். புகைப்படம் இணைத்தேன்.

தாளுக்குப் பதிலாக வைத்தது ஒன்றே ஒன்று: பத்து நிமிடம் சும்மா உட்காருவது. பலகை மேல், கால் ஆட்டாமல், பேசாமல். எளிதாகத் தெரியும், செய்ய வைப்பது கடினம். நம் பள்ளிகளில் அமைதி என்றால் தண்டனை என்றுதான் பிள்ளைகளுக்குப் பழக்கம். அதனால் பஸ்ஸிலேயே சொல்லிவிடுவேன்: இது தண்டனை இல்லை, வேட்டை. முதல் நான்கு நிமிடம் வெறும் சேறு. நம் நடையின் அதிர்வில் எல்லாம் வளைக்குள் போயிருக்கும். ஐந்தாவது நிமிடத்தில் ஒரு ஓட்டையில் இரண்டு கண் எழும்பும். பிறகு பக்கத்தில் இன்னொன்று. எட்டாவது நிமிடத்தில் சேறு முழுக்க நடமாட்டம். ஒற்றைக் கொடுக்கு மட்டும் பெருத்த ஆண் நண்டுகள் அதைத் தூக்கித் தூக்கிக் காட்டும். யாராவது ஒருவன் “டேய்” என்பான், எல்லாம் ஒரே நொடியில் மறையும், மற்ற இருபத்தேழு பேரும் அவனை முறைப்பார்கள். அந்த முறைப்பைப் பார்க்கத்தான் நான் ஆண்டுதோறும் போகிறேன் என்று நினைக்கிறேன்.

நண்டைவிடப் பிள்ளைகளுக்குப் பிடித்தது அந்த மீன். மலாயில் பெலாச்சாக் என்பார்கள். தலையின் மேல் தவளைபோல் பிதுங்கிய கண், முன் துடுப்பையே கையாக ஊன்றிச் சேற்றில் நடக்கும். செவுள் அறையில் நீரை அடக்கி வைத்திருக்கும், ஈரத் தோல் வழியாகவும் மூச்சு விடும். உடல் காய்ந்தால் சேற்றில் புரளும். கண் காய்ந்தால் அதைக் குழிக்குள் இழுத்து நனைத்துக்கொள்ளும். இந்த இனத்தில் பெரியது ஒன்று உண்டு. அது வாய் நிறையக் காற்றை அள்ளிப்போய்த் தன் நீர் நிறைந்த வளைக்குள் விடும், முட்டைக்கு மூச்சு வேண்டுமே. இதையெல்லாம் முன்னாலேயே வகுப்பில் சொல்லிவிடுவேன் ஒரு காலத்தில். இப்போது சொல்வதில்லை. பார்த்துவிட்டுத் திரும்பும் பஸ்ஸில் அவர்களே கேட்பார்கள். அப்போது சொன்னால் தங்கும்.

மற்றவை சில்லறைத் தொழில்நுட்பம். நெகிழிப் பை சரசரத்தால் குரங்கு வரும், ஆகவே நாசி லெமாக் பொட்டலம் பஸ்ஸிலேயே இருக்கட்டும். வெள்ளைக் கேன்வாஸ் காலணி காலத்தில் தாய்மார்களிடம் நான் பட்ட பாடு தனிக் கதை. பள்ளிக் காலணி கறுப்பானது இந்த நாட்டுச் சதுப்புநிலக் கல்விக்குக் கிடைத்த பெரிய உதவி. வாந்தி எடுக்கும் பிள்ளை முன் இருக்கையில். கழிவறை எண்ணிக்கையை முன்கூட்டியே போய்ப் பார்த்துவிடுங்கள். அவ்வளவுதான்.

கோலா சிலாங்கூர் மாநில எல்லைக்கு அப்பால் இருப்பதால் சில ஆண்டு வடக்கே போனோம், கோலா செப்பெத்தாங்கில் உள்ள மாத்தாங் அலையாத்திக் காட்டுக்கு. தைப்பிங் வழியே நீண்ட பயணம், பிள்ளைகள் களைத்துவிடுவார்கள், ஆனால் அந்தக் காடு வேறு வகை. 1902 முதல் திட்டமிட்டு நிர்வகிக்கப்படும் காடு, ஏறக்குறைய 40,000 ஹெக்டேர். பகுதி பகுதியாக வெட்டி, நட்டு, முப்பது ஆண்டு வளர்த்து, மறுபடி வெட்டுகிறார்கள். வெட்டிய மரம் கரிச் சூளைக்குப் போகிறது. செங்கல் குடிசைபோல் கவிழ்ந்த சூளைகள். ஒரு சூளையில் நாற்பது டன் பச்சைக் கட்டை போட்டால் பத்து டன் கரி கிடைக்கும் என்பார்கள். வாயிலை அடைத்துவிட்டுப் புகையின் வாசத்தையும் நிறத்தையும் வைத்தே உள்ளே என்ன நடக்கிறது என்று ஆள் சொல்லிவிடுவார். கருவி கிடையாது. ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகள் இதைக் கேட்டு வாயைப் பிளந்தார்கள், நானும்தான்.

அங்கே நின்றபோது என் பாட்டி நினைவு வந்தது. “பக்காவ் கட்டை” என்பார். பந்தல் காலுக்கும் கோழிக் கூண்டுக்கும் அதுதான் வேண்டும் என்று அடம் பிடிப்பார். பாடநூல் கண்டல் என்கிறது, தமிழகத்தார் அலையாத்தி என்கிறார்கள், பிச்சாவரத்தில் சுரபுன்னை. எங்கள் வீட்டில் அது மலாய்ச் சொல்லை விழுங்கித் தமிழாகிவிட்ட பக்காவ். வகுப்பில் நான் நான்கையும் எழுதிப் போடுகிறேன். எது சரி என்று கேட்டால், எந்த வீட்டில் நிற்கிறாயோ அந்த வீட்டுச் சொல் என்பேன்.

கண்ணால் பார்த்த பிறகுதான் பெயர் என்பது என் கொள்கை. அதை ஒரு மரத்துக்காக மட்டும் மீறுகிறேன். பலகைப் பாதை தொடங்கும் இடத்தில், நிலத்தை ஒட்டிய மேட்டுப் பகுதியில், உதிரும் முன் இலை சிவக்கும் மரம் ஒன்று நிற்கும். மலாயில் பூத்தா-பூத்தா. பூத்தா என்றால் குருடு, அதன் பால் கண்ணில் பட்டால் பார்வை போகக்கூடும். கை வைக்காதே என்று எச்சரிக்க வேண்டியதால் பெயரை முதலிலேயே சொல்ல வேண்டியிருக்கிறது. தமிழில் அதுதான் தில்லை. சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைக் கொடுத்த மரம். வெள்ளிக்கிழமை தேவார வகுப்பில் தில்லை தில்லை என்று பாடுகிற பிள்ளைகள் மலாக்கா நீரிணைக் கரையில் அதே மரத்தின் முன் நின்று, தொடலாமா கூடாதா என்று குழம்புவார்கள். “சார், சாமி மரத்துல ஏன் சார் விஷம்?” என்று ஒரு பெண் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னேன்.

பாட்டியின் கேள்விக்கு வருகிறேன். நம் பண்டுக்கு அந்தாண்ட இல்லாத சேறா? இருக்கிறது, அதே சேறு. கோலா சிலாங்கூரில் வழிகாட்டி காட்டியதும் அதைத்தான். அங்கேயும் கடலைத் தடுத்து ஒரு பண்டு போட்டிருக்கிறார்கள். அதற்கு உள்ளே அகப்பட்ட காடு உப்புநீர் வராமல் மெல்ல வேறு காடாக மாறிவிட்டது. வெளியே நிற்பது மட்டும் கண்டலாகவே நிற்கிறது. பிள்ளைகளில் ஒருவன் கேட்டான்: “அப்ப நம்ம தென்னந்தோப்பும் முந்தி இப்படித்தானா சார்?” நான் பதில் சொல்லுமுன் வழிகாட்டி தலையாட்டினார்.

அதிலிருந்து முறையை மாற்றிவிட்டேன். பஸ் பயணத்துக்கு முந்திய வாரம் வற்ற நேரம் பார்த்து, பெற்றோர் நான்கு பேரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, நம் பண்டின் மேலேயே பிள்ளைகளை நிறுத்துகிறேன். இறங்க விடுவதில்லை. கதவு வழியே வாய்க்கால் நீர் கடலுக்கு ஓடுவதை மட்டும் பார்க்கச் சொல்கிறேன். பிறகுதான் பூங்கா. அங்கே பலகைப் பாதை இருக்கிறது, கைப்பிடி இருக்கிறது, சேற்றையே தொழிலாக வைத்திருக்கும் மனிதர் இருக்கிறார். இவற்றுக்காகத்தான் அவ்வளவு தூரம் போகிறோம் பாட்டி, சேற்றுக்காக இல்லை.

ஒன்று மட்டும் பாக்கி. அந்த மீனுக்குத் தமிழில் என்ன என்று ஒவ்வோர் ஆண்டும் கேட்கிறார்கள். முதல் முறை, பாடநூல் பாணியில் “சேற்றுத்தாவி” என்றேன். யாருக்கும் ஒட்டவில்லை. நாகப்பட்டினத்து உறவினர் ஒருவரிடம் கேட்டேன். இந்தச் சாதி மீனைப் பொதுவாக உளுவை என்பார்கள், இதற்குத் தனிப்பெயர் உண்டா என்று அவருக்கு நிச்சயமில்லை. பிள்ளைகள் காத்திருக்கவில்லை, “முழியன்” என்று வைத்துவிட்டார்கள். அடுத்தடுத்த வகுப்புகள் அதையே சொல்கின்றன.

ஆனாலும் நம் மக்கள் இந்தக் கரையில் நான்கு தலைமுறை இருந்திருக்கிறார்கள். தோட்டம் கலைந்து லயங்கள் போனபோது எத்தனையோ சொல் அவற்றோடு போனது. ரூங்குப், ஊத்தான் மெலிந்தாங், சாபாக் பெர்ணம் பக்கம் கடலோரத் தோட்டங்களில் வாழ்ந்த பெரியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். கண் பிதுங்கி, கையூன்றி, சேற்றில் நடக்கும் அந்த மீனை அவர்கள் என்னவென்று கூப்பிட்டார்கள்? ஒரு சொல் கிடைத்தாலும் எழுதி அனுப்புங்கள். அதுவரை எங்கள் பள்ளியில் அது முழியன்தான்.